புதுப் பனியில் ஓர் ஓட்டம்

பனி என்ற சொல்லை நம்மவர்கள் ரொம்பவும் தாராளமாகச் செலவழித்துவிட்டார்கள். புல் நுனியில் முத்துப்போல் நிற்கிறதே, அதுவும் பனி. மார்கழி விடியலில் தெருவை மூடிக்கொண்டு, பால்காரரை மறைத்து அவருடைய சைக்கிள் மணியை மட்டும் நம்மிடம் அனுப்பி வைக்கிறதே, அதுவும் பனி. இமயத்தின் உச்சியில் இருப்பதும் பனி. தலையில் இறங்கி ஜலதோஷம் கொடுப்பதும் பனி. ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தவர்கள், முன்பனி, பின்பனி என்று நாலு மாதத்தை இதற்கே எழுதி வைத்தார்கள். இத்தனை இருந்தும், வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக இறங்கி முழங்கால் உயரத்துக்குத் தரையில் கிடக்கும் வஸ்துவுக்கென்று வழக்கில் ஒரு தனிப்பெயர் நம்மிடம் இல்லை. இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். வராத விருந்தாளிக்கு யாராவது இலை போடுவார்களா?

பின்லாந்துக்காரர்களுக்கு அது வருஷந்தோறும் வந்து மாதக்கணக்கில் தங்கிவிடும் விருந்தாளி. ஆகையால் அதன் ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பனிக்கு லுமி. கையில் அள்ளி அமுக்கினால் உருண்டையாகிற ஈரப் பனிக்கு நுவோஸ்கா. மழையும் பனியும் கலந்து விழுந்தால் ராந்தா. தெருவில் சேறாகக் கரைந்து காலணிக்குள் புகுந்துகொண்டால் லோஸ்கா. அப்போதுதான் விழுந்து, எவர் காலும் படாமல், சலித்த அரிசி மாவுபோல் மிருதுவாகக் கிடக்கிறதே, அந்தப் புதுப் பனிக்கு என்ன பெயர் என்று என் பெண்ணிடம் கேட்டேன். அவள் சொன்னதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதன் பெயர் விதி.

உச்சரிப்புக்கூடக் கிட்டத்தட்ட நம்முடையதுதான். அர்த்தத்தில் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படி ஒரு சொல் அகப்பட்டால் விடுவானா? சென்ற ஜனவரியில் ஹெல்சிங்கி நகரில், விதியின் மேல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தேன். அந்தக் காலை வேளையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

ஓட்டம் எனக்குப் புதிதல்ல. நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு டாக்டர் என் ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்ப்பதாகச் சொல்லிப் பயமுறுத்தினார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் போய் நின்றேன். நாலு நிமிஷம் ஓடுவதும் நாய்போல் இரைப்பதுமாக இருந்த என்னைத் தாண்டிப் போன ஒருவர் திரும்பி வந்தார். தபால் இலாகாவில் அதிகாரி. "ஸார், பேச முடிகிற வேகத்திலே ஓடணும். பேச முடியலேன்னா அது ஓட்டமில்லே, யாரோ துரத்தற மாதிரி" என்றார்.

அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் சேர்ந்து ஓடினோம். நான் அவரை ஸார் என்றேன். அவர் என்னை ஸார் என்றார். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனது விசேஷங்களுக்கு மட்டும்தான். ஆனால் வாரத்தில் ஐந்து நாள், ஈர மணலில், தோளுக்குத் தோள், ஒரு மணி நேரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சொந்தத் தம்பியோடுகூட நான் அத்தனை நேரம் கழித்ததில்லை.

பேச முடிகிற வேகம் என்றாரே, அதில் பேசுகிற பாகத்தை அவரே எடுத்துக்கொண்டார். கேட்கிற பாகம் எனக்கு. அவருக்கு அலுக்காத விஷயம் ஒன்று உண்டு. 1952-ம் ஆண்டு ஹெல்சிங்கியில் நடந்த ஒலிம்பிக் பந்தயம். அதில் எமில் ஸாடோபெக் என்ற செக்கோஸ்லோவாக்கிய வீரர் 10,000 மீட்டரில் ஜயித்தார். 5,000 மீட்டரிலும் ஜயித்தார். அத்துடன் சும்மா இருக்காமல், வாழ்க்கையில் அதற்கு முன் ஓடியே அறியாத மாரத்தானிலும் பெயர் கொடுத்தார். அந்தப் பந்தயத்தில் முந்திக்கொண்டு போனவர் ஜிம் பீட்டர்ஸ் என்ற ஆங்கிலேயர். மாரத்தான் தூரத்தை அதுவரை உலகில் எவரையும்விட வேகமாக ஓடியவர். ஸாடோபெக் அவரை எட்டிப் பிடித்து, "இந்த வேகம் சரிதானா?" என்று விசாரித்தாராம். பீட்டர்ஸுக்கு உள்ளுக்குள் களைப்பு. காட்டிக்கொள்ளாமல், "போதாது" என்று சொல்லி வைத்தாராம். வந்தவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். பீட்டர்ஸ் பாதியில் விலகிவிட்டார். ஸாடோபெக் 2 மணி 23 நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். எட்டு நாளில் மூன்று தங்கப் பதக்கம்.

"பாத்தீங்களா ஸார், ஓடறப்போ பேசினவன்தான் ஜெயிச்சான்!" என்று முடிப்பார் என் நண்பர். நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நூறாவது தடவையும் பீட்டர்ஸ் விலகுகிற இடத்தில் எங்கள் வேகம் கொஞ்சம் கூடும். "குளிர்காலத்திலே, பனியிலே, ராணுவ பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஓடிப் பழகினவன் ஸார் அவன். அந்த ஸ்டேடியத்தை ஒரு தடவை பாக்கணும். பென்ஷன் பணத்திலே போயிட்டு வந்துடணும்" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், தூக்கத்திலேயே அவர் போய்விட்டார். முதல் நாள் காலையில்கூட ஓடினோம். காரியங்கள் முடிந்த பிறகு இரண்டு நாள் கடற்கரைக்குப் போனேன். கால் ஓடவில்லை. வலி ஒன்றுமில்லை; ஓட வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை. பழக்கம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அது இரண்டு பேர் சேர்ந்து போட்ட தடமாக இருந்தால், ஒருவர் போனபின் மற்றவருக்கு அது வழியாக இருப்பதில்லை என்று அப்போது தெரிந்தது. காலணியைப் பரணில் ஏற்றினேன். பதினாலு மாதம் அது அங்கேயே இருந்தது.

என் பெண் ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறாள். வீடு தோலோ என்ற பகுதியில். ஜனவரியில் நான் போய் இறங்கியபோது, வாசலில் ஒரு புதுக் காலணி ஜோடி எனக்காகக் காத்திருந்தது. அடியில் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள். அந்த ஊரில் கிழவர் கிழவிகள்கூட இதை மாட்டிக்கொண்டு பனிக்கட்டித் தெருவில் தைரியமாக நடக்கிறார்கள்.

"எனக்கு எதுக்கும்மா இது?" என்றேன்.

"ஸ்டேடியம் இங்கேயிருந்து பத்து நிமிஷ நடைதான்ப்பா" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலாம் நாள் இரவு முழுவதும் பனி பெய்தது. காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் நின்ற மோட்டார் கார்கள் எல்லாம் வெள்ளைப் போர்வைக்குள் தூங்கும் எருமைகளாக மாறியிருந்தன. ஏறக்குறைய ஒரு சாண் ஆழம் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி. அறுபதாவது அட்சரேகையில் இருக்கிற ஊர். ஜனவரியில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் சூரியன் எழுந்திருக்கிறான், மாலை நாலு மணிக்குள் மறுபடி படுத்துவிடுகிறான். எட்டரை மணிக்கு அரையிருட்டில் நான் காலணியை மாட்டினேன்.

உடை விஷயத்தில் என் மாப்பிள்ளை குருவாக இருந்தார். "பருத்தி பனியன் வேண்டாம் மாமா. வேர்வையைக் குடிச்சு வெச்சுக்கும். நின்னீங்கன்னா அதுவே ஐஸ் மாதிரி ஆயிடும்" என்று சொல்லி மெல்லிய கம்பளியில் ஒன்று கொடுத்தார். அதன் மேல் ஒன்று. காற்றைத் தடுக்க அதன் மேல் இன்னொன்று. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டுமாம். அங்கேயே சுகமாக இருந்தால், இரண்டு கிலோமீட்டரில் வேர்த்து விறுவிறுத்து, பிறகு அந்த வேர்வையாலேயே விறைத்துப் போக நேருமாம். குளிர்தேசத்தில் ஓடுகிறவனுக்குக் குளிரைவிடத் தன் வேர்வைதான் பெரிய சத்துரு என்பது எனக்குப் புதிய பாடம்.

ஸ்டேடியத்தின் எதிரே பாவோ நூர்மியின் சிலை இருக்கிறது. 1920 முதல் 1928 வரை மூன்று ஒலிம்பிக்கில் ஒன்பது தங்கம் வாங்கிய பின்லாந்து வீரர். கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, தன் வேகத்தைத் தானே பார்த்துப் பார்த்து ஓடியவர். 1952-ல் இதே ஸ்டேடியத்துக்குள் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி ஓடி வந்தவரும் அவர்தான். வைனோ ஆல்டோனென் என்ற சிற்பி அவரைப் பிறந்த மேனியாக, ஒற்றைக் காலின் நுனி மட்டும் பீடத்தைத் தொட, ஓடுகிற பாவனையில் வார்த்திருக்கிறார். அன்று காலை அவர் தலையிலும் தோளிலும் நாலு விரற்கடை பனி உட்கார்ந்திருந்தது. மூன்று கம்பளிக்குள் நின்ற எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

பின்னால் ஸ்டேடியத்தின் வெள்ளைக் கோபுரம். அதன் உயரம் 72.71 மீட்டர். 1932 ஒலிம்பிக்கில் மாட்டி யார்வினென் என்ற பின்லாந்துக்காரர் ஈட்டியை எறிந்து தங்கம் வாங்கிய தூரம் அது. அதையே நிமிர்த்தி வைத்ததுபோல் கட்டியிருக்கிறார்கள். 1940-ல் நடக்க வேண்டிய பந்தயத்துக்காக 1938-லேயே ஸ்டேடியம் தயாராகிவிட்டது. யுத்தம் வந்தது, பன்னிரண்டு வருஷம் காத்திருந்துதான் 1952-ல் ஒலிம்பிக்கைப் பார்த்தது. இதெல்லாம் என் நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தது மட்டும் நான். ஒரு நிமிஷம் நின்றேன். குளிர் காலைப் பிடித்தது. ஓடினேன்.

ஸ்டேடியத்துக்குப் பின்னாலிருந்து வடக்கே நகரத்தின் நடுவிலேயே ஒரு காடு போகிறது. மத்தியப் பூங்கா என்று பெயர்; ஆனால் நாம் நினைக்கிற மாதிரிப் புல்தரையும் குழாய்த் தண்ணீரும் வைத்த பூங்கா அல்ல. ஊசியிலை மரங்களும் பாறைகளுமாகப் பத்துக் கிலோமீட்டர் நீளத்துக்கு நிஜக் காடு. பனி தள்ளும் யந்திரம் அன்று அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. சறுக்குக் கட்டை மாட்டியவர்களுக்கென்று யந்திரத்தால் இரண்டு வரி இழுத்த தடங்கள் தனியாக உண்டு. அவற்றின் மேல் நடப்பவர்கள் கால் வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத வேதம். எனக்கு உரியது பக்கத்தில் கிடந்த வெறும் வெள்ளை.

புதுப் பனியில் ஓடுவது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கடற்கரையில் ஈர மணலை விட்டு உலர்ந்த மணலில் ஏறினால் எப்படியோ, பாதி அப்படி. ஆனால் மணல் காலைப் பின்னால் இழுக்கும். பனி இழுப்பதில்லை; உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு அடிக்கும் காலை வெளியே தூக்கி எடுத்து மறுபடி வைக்க வேண்டும். வைக்கிற இடத்தில் அடியில் கல் இருக்கிறதா, வேர் இருக்கிறதா, உறைந்த குட்டை இருக்கிறதா, தெரியாது. எனவே அடியைச் சின்னதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷத்தில் ஓடியவன் பத்து நிமிஷத்தில் போனேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்பதற்குக் காரணம், கடிகாரம் மூன்று கம்பளிக்கு அடியில் இருந்தது. நூர்மி மன்னிப்பாராக.

அப்புறம் அந்த நிசப்தம். புதிதாக விழுந்த உலர்ந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்றுதான். பத்து அங்குலப் பனியை உருக்கினால் ஓர் அங்குலத் தண்ணீர் கிடைத்தால் அதிகம். அந்தக் காற்றறைகள் சப்தத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. பக்கத்திலேயே பெரிய சாலை ஓடுகிறது. பஸ்ஸும் லாரியும் போகின்றன. காதில் ஒன்றும் விழவில்லை. என் மூச்சும் காலடியும் மட்டும். குளிர் இன்னும் அதிகமானால், பத்துப் பன்னிரண்டு டிகிரி கீழே போனால், மிதிபட்ட பனித் துகள்கள் உடைந்து, புதுச் செருப்புப்போல் கிறீச்சிடுமாம். ஏழு டிகிரியில் அது 'பொத், பொத்' என்று பஞ்சு மெத்தையைத் தட்டுகிற சப்தம்தான் போட்டது.

கறுப்புக் கையுறையில் ஒரு பனித்துளி வந்து உட்கார்ந்தது. ஆறு முனை, ஒவ்வொரு முனையிலும் இறகு இறகாக வேலைப்பாடு. அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் வில்ஸன் பென்ட்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885-ல், பூதக்கண்ணாடிக் கருவியோடு காமிராவைப் பொருத்தி இப்படி ஒரு பனிப்படிகத்தைப் படம் பிடித்தவர் அவர். பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் அதே வேலையாக 5,000-க்கும் அதிகமான படங்கள் எடுத்தார். 1931-ல் ஒரு பனிப்புயலில் நடந்து வீடு திரும்பியவர், நிமோனியா கண்டு இறந்தார். பைத்தியம் என்று அக்கம்பக்கத்தார் நினைத்திருக்கலாம். என் கையுறையில் இருந்ததைப் பார்த்தபோது, நாற்பது வருஷம் போதாது என்று எனக்குப் பட்டது.

குறுக்கே முயல் ஒன்று போன தடம். முயல் பாயும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி முன்னே விழுகின்றன. ஆகையால் தடத்தைப் பார்க்கிறவனுக்கு, அது எந்தத் திசையில் போயிற்று என்று முதலில் குழப்பமாக இருக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டும், அடுத்த அடி எங்கே என்று யோசித்துக்கொண்டும் ஓடியதில் ஓர் அதிசயம் நடந்தது. நண்பரைப் பற்றிய நினைப்பே வரவில்லை. கடற்கரையில் கால் தானாக ஓடும். மனம் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற மனத்துக்குள் துக்கம் வந்து பாய் விரித்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு அடியையும் புதிதாக வைக்க வேண்டியிருந்தது. துக்கத்துக்கு இடமில்லாமல் இல்லை. அதற்கு நேரம் இல்லை.

மவுனுலா என்ற இடத்தில், காட்டுக்குள் ஒரு காப்பிக் கடை இருக்கிறது. ஐந்தாறு கிலோமீட்டர் வந்திருந்தேன். சறுக்குக் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் உள்ளே உட்கார்ந்து, சர்க்கரையில் புரட்டிய வடை போன்ற ஒரு பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எவரும் எவரோடும் பேசவில்லை. என் நண்பர் அங்கே வந்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும். ஒரு கிழவர் மட்டும் என் ஆணிக் காலணியையும், பனி ஒட்டிய முழங்காலையும், கடைசியாக என் முகத்தையும் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார். அந்த ஊரில் அது பொன்னாடை போர்த்துவதற்குச் சமானம் என்று என் பெண் பிற்பாடு சொன்னாள்.

நின்றதும் நினைவு வந்துவிட்டது. சூடான காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்த ஸ்டேடியத்துக்காகப் பென்ஷன் பணத்தில் அவர் சேர்த்து வைத்ததை நினைத்தேன். கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைத் துடைத்தேன். வேர்வை குளிர ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளையின் எச்சரிக்கை ஞாபகம் வந்து எழுந்தேன். குளிர்தேசத்தில் துக்கப்படுவதற்குக்கூட ரொம்ப நேரம் உட்கார முடியாது; எழுந்து ஓடியாக வேண்டும். இது ஒரு நல்ல ஏற்பாடு.

திரும்பும்போது வழியில் என் தடமே எனக்கு எதிரே வந்தது. ஒற்றை வரிசை. பெசன்ட் நகரில் எங்கள் தடங்களை அலை வந்து அப்போதைக்கப்போது அழித்துவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் அவற்றைத் திரும்பிப் பார்த்ததே கிடையாது. இங்கே ஆறு கிலோமீட்டருக்கு ஒற்றை ஆளாகப் போயிருக்கிறேன் என்று வெள்ளையில் எழுதி வைத்திருந்தது. பழைய தடத்திலேயே கால் வைத்து ஓடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. மிதிபட்ட பனி கொஞ்ச நேரத்தில் துகளோடு துகள் ஒட்டி இறுகிவிடுகிறது. குழியும் எதிர்த் திசைக்கு வெட்டியது, கணுக்கால் பிசகிற்று. பக்கத்தில் புதுப் பனியில் ஓடுவதே சௌகரியமாக இருந்தது. அப்படியே ஓடினேன்.

கொஞ்ச தூரம் போய் மூச்சுக்காக நின்று திரும்பிப் பார்த்தேன். தோளுக்குத் தோள் இரண்டு வரிசைத் தடம். ஒன்று போவது, ஒன்று வருவது. இரண்டும் என்னுடையவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு மறுபடி ஓடத் தொடங்கியபோது, காலியாக இருந்த இடது பக்கத்தைப் பார்த்து, வாய்விட்டே, "இந்த வேகம் சரிதானா ஸார்?" என்று கேட்டேன்.

பேச முடிந்தது. ஆகையால் வேகம் சரிதான்.

அப்போது எதிரே சறுக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் என் தமிழைக் கேட்டிருக்க வேண்டும். பின்லாந்துக்காரர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். பார்வையை மரியாதையாக மரங்களின் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது பத்தரை மணி. பன்னிரண்டு மணிக்கு யந்திரம் வந்து தெருப் பனியை ஓரத்தில் தள்ளி, ஜல்லி தூவிவிட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் வெயில் ஏறி விதியெல்லாம் லோஸ்கா ஆயிற்று. காட்டில் என் இரண்டு வரிசையும் அதோடு போயிருக்கும்; அதைப் பற்றி எனக்குக் குறையில்லை. சென்னை வந்ததும் பரணிலிருந்து காலணியை இறக்கினேன். வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன். கால் தானாக ஓடுவதில்லை. ஒவ்வொரு அடியாக வைத்துத்தான் ஓடுகிறேன். பழகிவிட்டது.

குளிர்காலத்தில் பெண்ணையோ பிள்ளையையோ பார்க்கப் பனிதேசம் போகிறவர்கள் இந்தக் காலத்தில் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். இரவில் பனி பெய்தால், யந்திரம் வருவதற்கு முன்னால் புறப்பட்டுவிடுங்கள். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டால் போதும். வேகமாக ஓடுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; ஓடவும் முடியாது. திரும்பி வந்ததும் முதல் காரியமாகக் காலுறையை மாற்றுங்கள்.